முன்னால் கரிசல், பின்னால் பாறை: இந்த மனையில் வீடு கட்டலாமா?

இந்த வாரம் எடுத்துக்கொண்ட கடிதம் தர்மபுரி மாவட்டம் பாலக்கோடு பக்கத்திலிருந்து வந்தது. எழுதியவர் போர்ட் பிளேரில் 26 ஆண்டுகள் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவர். கணவரோடு சொந்த ஊருக்கே திரும்பியிருக்கிறார். நான்கு ஆண்டுகளுக்கு முன்பு வாங்கிய எட்டு சென்ட் மனையில் வீடு கட்டப் போகிறார். மனை கிழக்கு பார்த்தது. சாலையோரம் 40 அடி அகலம், உள்ளே 87 அடி நீளம். விற்றவர் தாழ்வாக இருந்த முன்பகுதியில் மூன்றடிக்கு மண் கொட்டி மேடாக்கிக் கொடுத்திருக்கிறார்.

மேஸ்திரி ஜேசிபி வைத்து இரண்டு குழி தோண்டிப் பார்த்திருக்கிறார். முன்பக்கக் குழியில் மூன்றடி கொட்டிய மண், அதற்குக் கீழே இரண்டடிக் கரிசல், பிறகு வெள்ளை வெள்ளையாக உருண்டைகள் கலந்த மண், ஏழடியில் நொறுங்கும் பாறை. பின்பக்கக் குழியில் இரண்டடியிலேயே பாறை. "பாறைதான் வந்துவிட்டதே, மூன்றடி ஆழம் போதும்" என்று மேஸ்திரி சொல்லிவிட்டார். கழிவறைக்கு வடமேற்கு மூலையில் பத்து உறை இறக்கிவிடலாம் என்றும், ஈசானிய மூலையில் ஏற்கெனவே போட்ட போர்வெல்லில் தண்ணீர் 400 அடிக்குக் கீழே கிடைப்பதால் அது கெடாது என்றும் சொன்னாராம். பின்வீட்டுக்காரரின் போர்வெல் மேற்கு மதிலுக்கு அப்பால் 20 அடியில் இருக்கிறது.

போர்வெல் நீரைப் பரிசோதித்ததில் லிட்டருக்கு 2.3 மில்லிகிராம் ஃபுளோரைடும் 58 மில்லிகிராம் நைட்ரேட்டும் இருப்பதாக அறிக்கை வந்திருக்கிறது. "அக்கம்பக்கத்து செப்டிக் டேங்க் தண்ணீர் கலந்துதான் ஃபுளோரைடு வந்ததா?" என்று கேட்கிறார். அந்தமானில் செய்த பழக்கத்தில் முன்பக்கத்தில் வைத்த எலுமிச்சைக்கும் செம்பருத்திக்கும் சுண்ணாம்பு போட்டிருக்கிறார். இரண்டும் வெளிறிக்கொண்டே போகின்றன. கடைசியாக ஓர் ஆசை: போர்ட் பிளேரிலிருந்து தொட்டியில் கொண்டுவந்த ஜாதிக்காய்க் கன்றை எங்கே நடுவது?

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தோடு வந்த இரண்டு குழிப் படங்களுக்கு முதலில் நன்றி. கடிதம் எழுதுகிறவர்களில் பத்தில் ஒன்பது பேர் வீட்டின் வரைபடத்தை அனுப்புகிறார்கள், குழியின் படத்தை யாரும் அனுப்புவதில்லை. நீங்கள் அளவுகோலை வேறு குழிக்குள் சாய்த்து வைத்து எடுத்திருக்கிறீர்கள். மருத்துவமனைப் பழக்கம் என்று நினைக்கிறேன்.

"இந்த மண் நல்ல மண்ணா?" என்று கேட்டிருக்கிறீர்கள். எதற்கு நல்லது என்று நான் திருப்பிக் கேட்க வேண்டியிருக்கிறது. வீட்டுக்கு இறுகிய, அசையாத மண் வேண்டும். கழிவுநீருக்குத் தண்ணீரைக் குடிக்கிற மண் வேண்டும், அதுவும் அவசரப்படாமல் குடிக்க வேண்டும். செடிக்கு வேர் நுழைகிற, உயிருள்ள மண் வேண்டும். இந்த மூன்றும் ஒரே இடத்தில் ஒரே மண்ணாகக் கிடைக்காது. மேஸ்திரி பாறையைப் பார்த்து மகிழ்ந்தது வீட்டுக்காக. அதே பாறை உங்கள் கழிவறைக் குழிக்கு எதிரி.

தீவில் கற்றதும் இங்கே இருப்பதும்

நீங்கள் இருந்த தெற்கு அந்தமானில் ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை. அதில் மூன்றில் ஒரு பங்கைத் தொட்டாலே நம் மாவட்டத்தில் நல்ல மழை ஆண்டு என்போம். மண்ணின் குணத்தைத் தீர்மானிப்பதில் இந்த வித்தியாசத்துக்குப் பெரிய பங்கு உண்டு. அத்தனை மழையில் மேட்டு நிலத்து மண்ணிலுள்ள சுண்ணாம்புச் சத்து கரைந்து அடித்துக்கொண்டு போய்விடும். மிஞ்சுவது புளிப்பு மண். அதனால்தான் அங்கே சுண்ணாம்பு போடச் சொன்னார்கள். பவளப்பாறை நொறுங்கி உண்டான கடலோர மணலுக்கு அங்கேயும் அதைச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

இங்கே கதை தலைகீழ். நம் காலடியில் இருப்பது கருங்கல் வகைப் பழம்பாறை. அது மக்கும்போது வெளிவரும் கால்சியத்தை அடித்துச் செல்ல மழை போதாது. கொஞ்சம் கீழே இறங்கி, வெயிலில் ஈரம் காய்ந்ததும் அங்கேயே தங்கிக் கட்டியாகிவிடும். நீங்கள் ஐந்தடியில் பார்த்த வெள்ளை உருண்டைகள் அதுதான். நம் ஊரில் சுக்கான் என்பார்கள். ஓர் உருண்டையை எடுத்து அதன்மேல் நாலு சொட்டு வினிகர் விட்டுப் பாருங்கள், நுரைக்கும். பள்ளிக்கூடத்துச் சோதனைதான். ஆனால் அந்த நுரை ஒன்றே உங்கள் எலுமிச்சை ஏன் வெளிறியது என்பதில் பாதியைச் சொல்லிவிடும்.

மேட்டில் செம்மண், பள்ளத்தில் கரிசல் என்று ஒரே வயலுக்குள் மாறுவதும் நம் மாவட்டத்து இயல்பே. மேட்டிலிருந்து வழிகிற தண்ணீர் உப்புகளையும் நுண்களியையும் பள்ளத்தில் கொண்டு சேர்க்கிறது. அங்கே அவை தேங்கி, ஈரம் பட்டால் உப்பி, காய்ந்தால் சுருங்குகிற களியாக மாறுகின்றன. உங்கள் மனை மேடும் பள்ளமும் சந்திக்கிற சரிவில் இருக்கிறது. விற்றவர் அந்தச் சரிவைத்தான் மண் கொட்டி மறைத்திருக்கிறார்.

வீட்டுக்கு: பாதி பாறை, பாதி கொட்டிய மண்

உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் கவலைப்பட வைத்தது இந்தப் பகுதிதான். மண் மோசமாக இருந்தால்கூட வீடு தாங்கும், எல்லா இடத்திலும் ஒரே மாதிரி மோசமாக இருந்தால். மொத்த வீடும் சமமாக அரை அங்குலம் இறங்கினால் உங்களுக்குத் தெரியவே தெரியாது. பின்பாதி பாறையில் அசையாமல் நிற்க, முன்பாதி மட்டும் இறங்கினால் நடுவில் சுவர் கிழியும். மேஸ்திரி சொல்வதுபோல எல்லா இடத்திலும் மூன்றடி என்று வைத்தால், பின்பக்கத் தூண்கள் பாறையில் நிற்கும், முன்பக்கத் தூண்கள் சரியாகக் கொட்டிய மண்ணுக்கும் கரிசலுக்கும் நடுவே நிற்கும். இதைவிடப் பொருத்தமற்ற இடத்தைத் தேடிப் பிடிக்க முடியாது.

"கொட்டிய மண் நான்கு மழைக்காலம் பார்த்துவிட்டது, இறுகியிருக்கும்" என்று எழுதியிருக்கிறீர்கள். ஓரளவு இறுகியிருக்கும். ஆனால் லாரியில் கொண்டுவந்து கவிழ்த்துவிட்டுப் போன மண்ணில் கல், வேர், கட்டட இடிபாடு எல்லாம் கலந்திருக்கும், நடுநடுவே வெற்றிடமும் இருக்கும். உங்கள் படத்திலேயே ஒரு பிளாஸ்டிக் சாக்கின் நுனி தெரிகிறது. மண்ணை அரையடி, முக்காலடிக்கு மேற்படாத அடுக்குகளாகப் பரப்பி, நீர் தெளித்து, ஒவ்வொரு அடுக்கையும் உருளை கொண்டு இறுக்கியிருந்தால் மட்டுமே அதன்மேல் ஏதாவது வைப்பதைப் பற்றிப் பேசலாம். யாரும் அப்படிச் செய்து மனை விற்று நான் பார்த்ததில்லை.

அதற்குக் கீழே உள்ள இரண்டடிக் கரிசல் இன்னொரு தொல்லை. கோடையில் நம் வயல்களில் கை நுழைகிற அளவுக்கு வெடிப்பு விடுகிறதே, அதே மண். மழையில் உப்பும்போது மேலே இருக்கும் எடை குறைந்த சுவரைத் தூக்கவும் செய்யும். வெயில் காலத்தில் விரிசல் தெரிந்து, ஐப்பசி மழையில் மூடிக்கொள்கிற சுவர்களைப் பார்த்திருப்பீர்கள். பூசிப் பூசி மாளாது. எவ்வளவு உப்பும் என்று அறிய எளிய ஆய்வு இருக்கிறது. சலித்த உலர்மண்ணில் பத்து கிராமை ஓர் அளவுக் குடுவையில் தண்ணீரிலும், இன்னொரு பத்து கிராமை மண்ணெண்ணெயிலும் போட்டு ஒரு நாள் விடுவார்கள். மண்ணெண்ணெயில் களி உப்பாது, தண்ணீரில் உப்பும். இரண்டின் கன அளவு வித்தியாசத்தை நூற்றுக்கு இத்தனை என்று கணக்கிடுவார்கள். 50-க்குக் கீழ் என்றால் பெரிய கவலையில்லை. 100-ஐத் தாண்டினால் பொறியாளர் இல்லாமல் ஒரு செங்கல்லும் வைக்காதீர்கள்.

உங்களுக்கு முன்னால் மூன்று வழிகள் இருக்கின்றன. வீட்டை முழுவதுமாகப் பின்னுக்குத் தள்ளிப் பாறையின்மேல் வைப்பது ஒன்று. பாறை எதுவரை நீள்கிறது என்று தெரியாமல் இதை முடிவு செய்ய முடியாது. கழிவுநீருக்கும் தோட்டத்துக்கும் முன்பக்கக் கரிசல்தான் மிஞ்சும். இரண்டாவது, முன்பக்கத் தூண்களை மட்டும் ஏழடிக்கு இறக்கி, அங்கே உள்ள நொறுங்கு பாறையில் நிறுத்துவது. பின்பக்கத்தில் பாறையின் மேல்தோலைக் கொத்தி எடுத்துவிட்டுச் சமன்செய்து நிற்க வைக்கலாம். முன்னால் ஏழு, பின்னால் இரண்டு என்று ஆழம் மாறினாலும் எல்லாத் தூண்களின் பாதமும் ஒரே வகைப் பாறையில் இருக்கும். மூன்றாவது, கரிசல் நிலத்துக்கென்றே ரூர்க்கியில் உள்ள மத்திய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் வளர்த்தெடுத்த, அடியில் குமிழ் போலப் பருத்த கான்கிரீட் தூண்கள். ஆழமான கரிசலுக்கு அது அருமையான முறை. ஏழடியில் பாறை கிடைக்கிற உங்களுக்குத் தேவையில்லை.

நானாக இருந்தால் இரண்டாவதைத் தேர்ந்தெடுப்பேன். கூடுதலாகத் தோண்டும் நாலடிக்கும் கான்கிரீட்டுக்கும் செலவாகும்தான். பூமியைத் தோண்டுவதற்கு 'வானம் தோண்டுவது' என்று பெயர் வைத்தவர்கள் நம் கொத்தனார்கள். அந்த வானத்தில் மிச்சம் பிடிக்கிற பணம் பிற்பாடு சுவரில் போய்விடும். தரைமட்டத்தில் எல்லாத் தூண்களையும் இணைக்கிற பெல்ட் கான்கிரீட்டை விட்டுவிடாதீர்கள். முன்பக்கத் தூண்கள் உயரமாக நிற்பதால் இடையில் இன்னொரு கட்டு வேண்டுமா என்பதைப் பொறியாளர் கணக்குப் பார்த்துச் சொல்ல வேண்டும். பாறையை உடைக்க வெடி வேண்டாம். உளியோ இயந்திரச் சுத்தியலோ போதும். வெடித்தால் பாறையில் புது விரிசல்கள் திறக்கும், அதன் பலனைப் போர்வெல் தண்ணீரில் பார்ப்பீர்கள்.

தூண்கள் சரியாக நின்றாலும் அறைத் தரை இறங்கலாம், இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். தரைக்கு அடியில் இருப்பது அந்தக் கொட்டிய மண்தான், அது தூணோடு கட்டப்படவில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் உறவினர் ஒருவருக்கு நான் கட்டிக் கொடுத்த வீட்டில் இப்படித்தான் ஆயிற்று. சுவரில் ஒரு கீறல் இல்லை. கூடத்தின் தரை மட்டும் ஒரு மூலையில் ஒன்றரை அங்குலம் இறங்கி, பீரோ முன்னால் சாய்ந்து நின்றது. பொங்கலுக்குப் போகும்போதெல்லாம் அந்த அத்தை என்னைப் பார்த்துவிட்டு பீரோவைப் பார்ப்பார். ஆகவே அறைகளுக்குள் இருக்கும் கொட்டிய மண்ணையும் கரிசலையும் எடுத்துவிட்டு, கிராவல் மண்ணை அடுக்கடுக்காக இறுக்கி நிரப்பச் சொல்லுங்கள். எடுத்த கரிசலை வெளியே அனுப்பிவிடாதீர்கள், தோட்டத்துக்கு வேண்டும்.

கழிவறைக்கு: உறைக்குழியை செப்டிக் டேங்க் என்று சொல்லாதீர்கள்

இது மேஸ்திரியின் தவறு மட்டுமல்ல, தமிழ்நாடு முழுக்க நிலவும் பேச்சுவழக்கு. அடிப்பகுதி திறந்திருக்க, உறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கிய குழியில் கழிவு விழுந்து, தண்ணீர் மண்ணில் இறங்கிவிடுகிறது. அது உறிஞ்சுகுழி. செப்டிக் டேங்க் என்பது அடியும் பக்கமும் நீர் கசியாமல் கட்டப்பட்ட தொட்டி. அதில் கசடு அடியில் தங்கி, ஓரளவு செரித்து, தெளிந்த நீர் மட்டும் அடுத்த இடத்துக்குப் போக வேண்டும். அந்த நீரும் சுத்தமான நீர் அல்ல. கிருமிகள் அதில் ஏராளம். அவற்றை அழிக்கிற வேலையை மண் செய்கிறது. மண் துகள்களுக்கு இடையே மெதுவாக நகரும்போது கிருமி ஒட்டிக்கொண்டு சாகிறது. மண்ணே இல்லாமல் பாறை மட்டும் இருந்தால்?

வடமேற்கு மூலையில் இரண்டடியில் பாறை. பத்து உறை இறக்க வேண்டுமானால் பாறையைக் குடைய வேண்டும். குடைந்த குழியில் இரண்டில் ஒன்று நடக்கும். பாறை முழுசாக இருந்தால் தண்ணீர் எங்கும் போகாமல் நிரம்பி வழியும். விரிசல் இருந்தால் வடிகட்டப்படாமல் விரிசல் வழியே ஓடும். "குழி எப்போதும் நிரம்புவதே இல்லை, அருமையான குழி" என்று பெருமைப்படுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பக்கத்து வீட்டுப் போர்வெல்தான் நினைவுக்கு வரும்.

400 அடிக்குக் கீழே தண்ணீர் என்பதால் பாதுகாப்பு என்ற நம்பிக்கையும் தவறு. கடின பாறைப் பகுதியில் 400 அடியில் ஏரி மாதிரி எதுவும் கிடையாது. மேலே உள்ள மக்கிய பாறையும் அதன் கீழ் உள்ள விரிசல்களும் ஒன்றோடொன்று தொடர்பு கொண்டவை. துளையின் மேற்பகுதியில் இறக்கிய கேசிங் குழாய் கெட்டிப் பாறை வரை போகாமலோ, அதன் வெளிச்சுற்று சிமெண்ட் குழம்பால் அடைக்கப்படாமலோ இருந்தால், மேல்மட்டத்துக் கழிவுநீர் குழாயின் ஓரமாகவே இறங்கிவிடும். நிலம் கிழக்கே சரிந்திருப்பதால் கழிவுநீர் மேற்கே போகாது என்றும் நினைக்க வேண்டாம். விரிசலின் திசை மேலே உள்ள சரிவைக் கேட்பதில்லை.

வாஸ்துப்படி வடமேற்கு வாயு மூலை என்பதில் உங்களுக்குப் பிடிமானம் இருப்பது புரிகிறது. அதோடு எனக்குச் சண்டை இல்லை. கசியாத தொட்டியை அந்தப் பக்கமே கட்டிக்கொள்ளுங்கள். தொட்டியிலிருந்து வெளியேறும் நீர் எங்கே மண்ணில் இறங்குகிறது என்பது மட்டும் மண்ணின் முடிவாக இருக்கட்டும்.

கழிவுநீர் மண்ணில் இறங்கும் இடம் குடிநீர் ஆதாரத்திலிருந்து குறைந்தது 18 மீட்டரும், குடியிருக்கும் கட்டடத்திலிருந்து 6 மீட்டரும் தள்ளியிருக்க வேண்டும் என்கிறது செப்டிக் டேங்குக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 2470. முன்னது ஏறத்தாழ 60 அடி, பின்னது 20 அடி. உங்கள் போர்வெல் முன்மூலையில், பின்வீட்டுக்காரருடையது மதிலுக்கு அப்பால். இரண்டுக்கும் நடுவே வீடு. எட்டு சென்டில் இந்த எல்லாத் தூரத்தையும் ஒருசேரக் காப்பாற்றுவது ஏறத்தாழ முடியாத காரியம். மனை பிரித்து விற்கிறவர்கள் இதைச் சொல்வதில்லை. முடியாது என்று தெரிந்தபிறகு செய்யக்கூடியது, வெளியேறும் நீரை முடிந்தவரை சுத்தமாக்கி, ஆழத்தில் விடாமல் மேல்மண்ணில் விடுவது.

அதற்கு முன் மனையின் நடுப்பகுதியில், தென்மதில் ஓரமாக மூன்றாவது குழி ஒன்று தோண்டுங்கள். உங்கள் இரண்டு குழிகளுக்கும் இடையே செம்மண்ணோ சரளையோ இருக்க வாய்ப்பு உண்டு. அங்கே நீங்களே செய்யக்கூடிய சோதனை இது. நீர் இறங்க வேண்டிய ஆழத்தில் ஒரு சாண் முதல் ஓரடி அகலத்தில் சிறு குழி எடுத்து, பக்கங்களைச் சுரண்டிவிட்டு, அடியில் இரண்டங்குலம் பொடிக்கல் போடுங்கள். ஓரடிக்குத் தண்ணீர் ஊற்றி இரவு முழுக்க ஊற விடுங்கள். காய்ந்த மண்ணில் அளந்தால் பொய்யான விடை வரும். மறுநாள் மீண்டும் ஊற்றி, நீர்மட்டம் 25 மில்லிமீட்டர், அதாவது ஓர் அங்குலம் இறங்க எத்தனை நிமிடம் ஆகிறது என்று கடிகாரம் வைத்துப் பாருங்கள். 30 நிமிடத்துக்குள் என்றால் உறிஞ்சுகுழியோ வடிகால் வாய்க்காலோ போடலாம். 30 முதல் 60 வரை என்றால் நீளமான, ஆழமில்லாத வாய்க்கால் மட்டும். 60-ஐத் தாண்டினால் அந்த மண் குடிக்காது. உங்கள் முன்பக்கக் கரிசல் ஈரமானதும் இந்தக் கடைசி வகையில்தான் சேரும் என்று எதிர்பார்க்கிறேன். இரண்டு மூன்று நிமிடத்தில் இறங்கிவிட்டாலும் மகிழ வேண்டாம். அது வடிகட்டாமல் விடுகிற மண்.

நடுக்குழியில் நாலைந்தடிக்காவது நல்ல மண் இருந்தால், செப்டிக் டேங்கை அடுத்து, கல் நிரப்பிய கீழிருந்து மேலேறும் வடிகட்டித் தொட்டி ஒன்றைக் கட்டி, அதன் நீரைத் தென்மதில் ஓரமாக இரண்டடிக்கு மேற்படாத ஆழத்தில் வாய்க்காலாக விடலாம். மண் இல்லையென்றால் தரைக்கு மேலே மணலும் பொடிக்கல்லும் கொண்டு மேடை கட்டி, அதில் கல்வாழை வைத்து, அதன் வழியாக நீரை விட வேண்டியிருக்கும். மழைக்காலத்தில் குழிக்குள் தண்ணீர் ஊறி மேலே வந்த அனுபவம் தீவில் உங்களுக்கு உண்டு. அங்கே நிலத்தடி நீர் மேலே வந்தது, இங்கே பாறை மேலே வந்திருக்கிறது. மருந்து ஏறத்தாழ ஒன்றுதான்: கீழே போக முடியாத இடத்தில் மேலே கட்டுவது.

தொட்டியின் அளவைப் பொறுத்தவரை, நீங்கள் இருவர்தான் என்றாலும் விடுமுறைக்கு மகன் குடும்பமும் மகள் குடும்பமும் வருவதைக் கணக்கில் வையுங்கள். பத்துப் பேருக்கு உள்ளளவு 2 மீட்டர் நீளம், 90 சென்டிமீட்டர் அகலம், 1.4 மீட்டர் நீராழம் என்று வைத்தால் இரண்டாண்டுக்கு ஒருமுறை கசடு எடுத்தால் போதும். குளியல், துணி துவைக்கும் நீரை இதில் சேர்க்காமல் தனியாகத் தோட்டத்துக்குத் திருப்புங்கள். கசடு எடுக்க லாரி வந்து நிற்க வழி விடுங்கள். யாரையும் தொட்டிக்குள் இறக்கவே இறக்காதீர்கள். ஹைட்ரஜன் சல்பைடு ஒருவரை ஒரே மூச்சில் சாய்த்துவிடும் என்று செவிலியரான உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்யும் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பாதுகாப்பின்றி ஆளை இறக்கிச் சுத்தம் செய்ய வைப்பவருக்கு முதல் முறையே இரண்டு ஆண்டு வரை சிறையோ, இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ உண்டு.

பின்வீட்டுக்காரர் பற்றி ஒரு வார்த்தை. அவர் இதுவரை ஒன்றும் சொல்லவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். 1882-ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டத்தின் 7-ஆம் பிரிவு, தன் நிலத்தின் வழியே இயல்பாக ஊறிச் செல்லும் நீரைப் பிறர் அளவுமீறி மாசுபடுத்தாதிருக்கும் உரிமையை ஒவ்வொரு நில உடைமையாளருக்கும் உரியதாகச் சொல்கிறது. அந்த உரிமை அவருக்கும் உண்டு, உங்களுக்கும் உண்டு. வழக்கு வரை போக வேண்டிய விஷயமில்லை இது. வேலை தொடங்குமுன் அவரை அழைத்து, எங்கே என்ன கட்டப் போகிறீர்கள் என்று காட்டிவிடுங்கள். அவருடைய குழி எங்கே என்றும் அப்போது தெரிந்துவிடும்.

போர்வெல் தண்ணீர்

பின்வீட்டுக்காரரின் குழி எங்கே என்று தெரிய வேண்டியிருக்கிறது, ஏனென்றால் உங்கள் அறிக்கையில் இரண்டு வேறு கதைகள் இருக்கின்றன. ஃபுளோரைடு செப்டிக் டேங்கிலிருந்து வரவில்லை. நம் பாறைகளில் உள்ள தாதுக்களிலிருந்து நீரில் கரைந்து வருகிறது. தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டங்களும் இதற்குப் பெயர் போனவை. பல்லில் பழுப்புக் கறை விழுந்த தலைமுறையை நீங்கள் சிறுவயதில் பார்த்தே வளர்ந்திருப்பீர்கள். குடிநீரில் 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு நீர் கிடைக்காத இடத்தில் 1.5 வரை பொறுக்கலாம் என்பது இந்தியத் தரம். உங்களுடையது 2.3.

நைட்ரேட்தான் மேலேயிருந்து வந்தது. வரம்பு 45, உங்களுடையது 58. கழிவுக்குழி, சாணக்குப்பை, வயலில் போட்ட யூரியா ஆகியவற்றில் ஒன்றோ பலவோ காரணமாக இருக்கலாம். அதாவது மேல்மட்ட நீர் இப்போதே உங்கள் போர்வெல்லுக்குள் போய்க்கொண்டிருக்கிறது. 400 அடி ஆழம் காப்பாற்றவில்லை என்பதற்கு வேறு சான்று வேண்டாம். மகளுடைய கைக்குழந்தைக்கு இந்த நீரில் பால்மாவு கரைக்கக் கூடாது. கொதிக்க வைத்தாலும் ஃபுளோரைடும் நைட்ரேட்டும் போகாது. நீர் சுண்டச் சுண்ட அடர்த்திதான் கூடும்.

குடிக்கவும் சமைக்கவும் ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர்க் குழாய் இணைப்புக்கு விண்ணப்பியுங்கள். 2013-இல் தொடங்கிவைக்கப்பட்ட அந்தத் திட்டமே ஃபுளோரைடு பாதிப்பைத் தணிக்கத்தான் வந்தது. போர்வெல் நீரைக் கழுவவும் துவைக்கவும் வைத்துக்கொள்ளுங்கள். கேசிங் குழாயின் வெளிச்சுற்றை அடைத்து, மேலே ஓரடி உயரத்துக்குக் கான்கிரீட் மேடை கட்டிவிட்டு, ஒரு மழைக்காலம் கழித்து நைட்ரேட்டை மட்டும் மறுபடி பாருங்கள்.

தோட்டத்துக்கு

சுண்ணாம்பை இன்றோடு நிறுத்திவிடுங்கள். நீங்கள் அனுப்பிய எலுமிச்சை இலையில் நரம்பு பச்சையாகவும் இடைப்பகுதி மஞ்சளாகவும், அதுவும் இளம் இலையில், இருக்கிறது. இது இரும்புச்சத்துப் பற்றாக்குறையின் முகம். மண்ணில் இரும்பு இல்லாமல் இல்லை. சுண்ணாம்பு மிகுந்த காரமண்ணில் வேருக்குக் கிடைக்காத வடிவத்தில் அது பூட்டிக் கிடக்கிறது. தீவில் திறந்த பூட்டை இங்கே நீங்கள் இரண்டாவது முறை பூட்டியிருக்கிறீர்கள். லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி உப்பும் (இரும்பு சல்பேட்) 1 கிராம் சிட்ரிக் அமிலமும் கரைத்து மாலை நேரத்தில், பதினைந்து நாளுக்கு ஒருமுறை, இரண்டு மூன்று தடவை இலையில் தெளித்தால் புது இலை பச்சையாக வரும். அது தற்காலிக மருந்துதான். தொழுவுரமும் மட்கிய இலையும்தான் நீண்ட நாளைக்கு உதவும்.

சாம்பல் போடச் சொன்ன பக்கத்து வீட்டு அம்மாவின் யோசனையும் வேண்டாம். சாம்பலும் காரமே. ஜிப்சம் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். அது களர் மண்ணுக்கு, அதாவது சோடியம் மிகுந்த மண்ணுக்கு மருந்து, உங்கள் மண் களரா என்று ஆய்வு சொல்லாமல் போட வேண்டாம். நாலைந்து இடத்தில் மேற்குப்பையை விலக்கி, அரையடி ஆழத்துக்கு ஆங்கில 'வி' எழுத்துப் போல வெட்டி, ஓரத்தைச் சுரண்டி எடுத்துக் கலந்து, அரைக் கிலோ மண்ணைப் பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையத்திலோ வேளாண்மைத் துறையின் மண் ஆய்வுக்கூடத்திலோ கொடுங்கள். கொட்டிய மண்ணில் எடுத்ததையும் கீழ்க் கரிசலையும் கலக்காமல் தனித்தனிப் பையில் கொடுக்க வேண்டும். அந்த அறிக்கை செடிக்கு மட்டுமே பயன்படும். அதைக் கொண்டுபோய் அஸ்திவாரப் பொறியாளரிடம் காட்டினால் அவர் சிரிப்பார். அவருக்கு வேண்டிய ஆய்வு வேறு, ஆய்வுக்கூடமும் வேறு. செட்டிக்கரையிலும் பர்கூரிலும் உள்ள அரசு பொறியியல் கல்லூரிகளில் கட்டடவியல் துறையில் கேட்டுப் பாருங்கள்.

அறைகளுக்குள்ளிருந்து எடுத்த கரிசலை இப்போது பயன்படுத்தலாம். வீட்டுக்கு ஆகாத அதே களி, பின்பக்கத்தில் பாறைமேல் இருக்கும் மெலிந்த மண்ணோடும் தொழுவுரத்தோடும் கலந்தால் ஈரத்தைப் பிடித்துவைக்கும். இரண்டடி மண்ணில் பெருமரம் நிற்காது. கீரை, கத்தரி, மிளகாய், குண்டுமல்லி வைக்கலாம். மாவும் நெல்லியும் சீத்தாவும் நம் மண்ணுக்குப் பழகியவை. மண் ஆழமாக உள்ள பக்கத்தில், சுவரிலிருந்து 15 அடியாவது தள்ளி வையுங்கள். கரிசலில் சுவரோரம் மரம் வைத்தால் வேர் ஈரத்தை உறிஞ்சி மண்ணைச் சுருக்கும், சுவர் அதைக் காட்டிக்கொடுக்கும். அதே காரணத்துக்காக வீட்டைச் சுற்றி மூன்றடி அகலத்துக்குச் சரிவான சிமெண்ட் தளம் போட்டு, மழைநீர் சுவரடியில் தேங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். கழிவுநீர் வாய்க்காலின்மேல் வாழை வைக்கலாம். முள்ளங்கி, கொத்தமல்லி, பச்சையாகத் தின்னும் எதையும் அங்கே வைக்க வேண்டாம்.

ஜாதிக்காய்க் கன்றைத் தரையில் நட வேண்டாம். நம் சுக்கானும் வறண்ட காற்றும் அதற்கு ஒத்துவராது. பெரிய தொட்டியில், மேட்டுச் செம்மண் இரண்டு பங்கும் மட்கிய இலை இரண்டு பங்கும் ஆற்று மணல் ஒரு பங்கும் கலந்து, கிழக்கு வராந்தாவின் நிழலில் வையுங்கள். போர்வெல் நீர் ஊற்றாதீர்கள். மொட்டை மாடியில் விழும் மழைநீரைப் பிடித்து வைக்க ஒரு பேரல் இருந்தால் கோடை வரை அதற்குப் போதும். காய்க்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆண் மரம், பெண் மரம் என்று தனித்தனியாக இருக்கிற இனம் அது. விதையிலிருந்து வந்த ஒற்றைக் கன்று எதுவென்று பூக்கும்வரை தெரியாது. இலையைக் கசக்கி முகர்ந்தால் இப்போதே வாசம் வரும்.